மூன்று நாள் கெடு

நிகில் கூப்பிட்டபோது ஜலஜா அலுவலகக் கேன்டீனில் ராஜ்மா சாவலுக்கு வரிசையில் நின்றிருந்தாள். அவன் பகலில் போன் செய்கிறவன் இல்லை. எப்போதாவது மெசேஜ் அனுப்புவான், இவளுக்கும் தோதுப்பட்டால் சந்திப்பார்கள், அவ்வளவுதான். எடுத்ததுமே, "தனியா இருக்கியா?" என்று இந்தியில் கேட்டான். அவன் குரலில் வழக்கமான விளையாட்டு இல்லை. ஜலஜா தட்டை வைத்துவிட்டு வராந்தாவுக்கு வந்தாள்.

"எனக்கு சிஃபிலிஸ் இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. என்னோட பழகின எல்லாருக்கும் நானே போன் பண்ணிச் சொல்லிட்டிருக்கேன். நீயும் டெஸ்ட் பண்ணிக்கோ. தள்ளிப் போடாதே. எச்.ஐ.வி.யும் சேத்துப் பாத்துரு."

"உனக்கு அது...?"

"இப்போதைக்கு இல்லைன்னாங்க. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி பாக்கணுமாம்." பிறகு, "சாரி, ஜலஜா" என்றான்.

 போனை வைத்த பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு மூன்று வாரமாக அங்கே செம்புள்ளிகள் இருந்தன. அரிப்பில்லை, வலியில்லை. தில்லிக் குளிரில் தோல் வறண்டு போகிறது என்று தினமும் வாசலின் தடவிக்கொண்டிருந்தாள். வராந்தாவில் நின்றபடியே போனில் தேடினாள். திரையில் வந்த முதல் படத்தில் இருந்த உள்ளங்கை அவளுடையது போலவே இருந்தது.

ஜலஜாவுக்கு முப்பத்தாறு வயது. சொந்த ஊர் உசிலம்பட்டி. மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர், கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸ். விவாகரத்து ஆனபிறகு இனி கல்யாணம் என்ற பேச்சே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தாள். நிகிலை ஒரு டேட்டிங் ஆப்பில் பார்த்தாள். கல்யாணப் புகைப்படங்கள் எடுப்பவன். தனக்கு இன்னும் சில பெண்களோடும் பழக்கம் உண்டு என்று முதல் நாளே சொல்லிவிட்டான். அந்த நேர்மை அவளுக்குப் பிடித்திருந்தது. ஆணுறையில்லாமல் அவனை ஒருநாளும் அனுமதித்ததில்லை. அதனாலேயே பயமில்லாமல் இருந்தாள்.

ஸ்ரீதர் வேறு மாதிரி. கும்பகோணத்துக்காரன், பொதுத்துறை நிறுவனமொன்றில் இன்ஜினியர், சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து கரோல் பாகில் மாடி போர்ஷன் ஒன்றில் தனியாக இருந்தான். ஒரு நண்பர் வீட்டுப் பொங்கல் விருந்தில் அறிமுகம். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான், சமைப்பான், பழைய துணியால் கிச்சன் மேடையைத் துடைத்துவிட்டுப் போவான். நிகிலைப் பற்றி அவனிடம் அவள் சொன்னதில்லை. அவனும் எதையும் கேட்டதில்லை. உறை விஷயத்தில் அவளைவிட அவன்தான் கறார். அதை அவன் சுபாவம் என்று நினைத்திருந்தாள்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் உறை இல்லை. ஸ்ரீதர் தயங்கினான், எழுந்து கீழே கடைக்குப் போகிறேன் என்றான். "வெளியில இருக்கற பனியில எங்க போகப் போறீங்க? ஒரு தடவதானே" என்று கையைப் பிடித்து இழுத்தது ஜலஜாதான்.

அதை நினைத்தபோது வராந்தாவின் சுவரைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருவனிடமிருந்து வாங்கியதை இவனுக்குக் கொடுத்துவிட்டோமா?

மறுநாள் லீவு போட்டாள். அரசு டிஸ்பென்சரிக்குப் போக முடியாது, அங்கே மருந்து கொடுப்பவர்வரை தெரிந்தவர்கள். யமுனைக்கு அந்தப் பக்கம், லட்சுமி நகர் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரி இருந்தது. தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு பின்பக்கக் கட்டடத்தில். மாஸ்க் போட்டு, தலையைச் சுற்றி சால்வை மூடி, பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தாள். கதவு திறக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள்.

உசிலம்பட்டியில் அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். அவருக்கு எய்ட்ஸ் என்று தெரிந்த பிறகு அவர் வீட்டுக் குழந்தைகளை யாரும் விளையாட்டில் சேர்க்கவில்லை. செத்தபோது தூக்க ஆள் வரவில்லை. நகராட்சி வண்டிதான் வந்தது. பெயரைச் சொல்லாமல் எல்லோரும் 'அது' என்றே சொன்னார்கள். நேற்று தானும் நிகிலிடம் 'அது' என்றுதான் கேட்டோம் என்பது இப்போது உறைத்தது.

"ஜலஜா... தமிழா?"

டாக்டர் அம்மாள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். மேஜைமேல் டாக்டர் அக்னஸ் என்று பெயர்ப்பலகை. ஓடிவிடலாமா என்று ஜலஜா கதவைப் பார்த்தாள். தில்லித் தமிழர்களில் ஒருவரைத் தெரிந்தால் நூறு பேரைத் தெரிந்த மாதிரி.

"எனக்கு திருநெல்வேலிப் பக்கம். பயப்படாத. இந்த ரூமுக்கு வெளிய நான் ஒன்ன பாத்தாகூட நீயா சிரிச்சாத்தான் நானும் சிரிப்பேன். என்ன செய்யுது, சொல்லு."

ஜலஜா கையை நீட்டினாள். டாக்டர் தொட்டுப் பார்த்தார், விளக்கை இழுத்து வாய்க்குள் பார்த்தார், மறைப்புக்குப் பின்னால் படுக்கச் சொல்லிப் பரிசோதித்தார். ரத்தம் எடுத்தார்கள். அரைமணி நேரம் அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எதிரே சுவரில் ஒரு பல்லி டியூப்லைட்டுக்கு அடியில் அசையாமல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது நகர்ந்தால் கெட்டது நடந்துவிடும் என்பதுபோல.

"சிஃபிலிஸ் இருக்கு," என்றார் டாக்டர். "ஊசிக்குக் கேக்கிற நோய்தான். எச்.ஐ.வி. இப்ப நெகட்டிவ்."

"நான் எப்பவும் ஜாக்கிரதையாத்தான் டாக்டர்... அந்த ஆளோட எப்பவுமே..."

"உறை போட்டா ஆபத்து நெறையக் கொறையும். ஆனா புண்ணு உறை மூடாத எடத்துல இருந்தா, வாயில இருந்தா, ஒட்டிக்கும். அதனாலதான் ஒண்ணுக்கு மேல பழக்கம் இருந்தா சும்மாவே அப்பப்ப டெஸ்ட் எடுக்கணும்னு சொல்லுதோம். யாரும் கேக்கிறதில்ல." அதைத் திட்டுகிற தொனியில் அவர் சொல்லவில்லை. "வேற யாரும் உண்டா?"

"ஒருத்தர்."

"கடைசியா எப்ப?"

"ஞாயித்துக்கிழம. அன்னிக்கு மட்டும் உறையில்ல."

"அப்ப அவரையும் கூட்டிட்டு வா. எல்லா டெஸ்ட்டும் எடுக்கணும். நீ சொல்லுதியா, நாங்க போன் பண்ணிச் சொல்லணுமா? ஒம் பேரு வராது."

"நானே சொல்றேன்," என்றாள் ஜலஜா. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரிந்தது.

இடுப்பில் இரண்டு பக்கமும் ஊசி போட்டார்கள். மெட்ரோவில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் அடித்தது. மருந்து வேலை செய்யும்போது அப்படி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தும், ரஜாய்ப் போர்வைக்குள் கிடந்தபோது இது வேறு ஏதோ என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலேயே ஸ்ரீதரை வரச்சொன்னாள்.

அவன் ஆபீஸ் பையோடு நேராக வந்தான். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "கஞ்சி வைக்கட்டுமா?" என்றான்.

"மொதல்ல உக்காருங்க."

ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நிகிலின் பெயரைச் சொன்னாள். ஊசி போட்டதைச் சொன்னாள். ஸ்ரீதர் முகம் சிறுத்துப்போனது.

"எவ்ளோ நாளா?"

"உங்களுக்கு முன்னாடியிருந்தே."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயா ஒனக்கு? நான் என்ன மடையனா ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம வந்து சாம்பார் வச்சிட்டுப் போறதுக்கு?"

"தப்புதான். சொல்லியிருக்கணும். எவ்வளவு வேணாலும் திட்டுங்க, ஆனா நாளைக்கு எங்கூட வாங்க. டெஸ்ட் எடுக்கணும்."

"ஊசி போட்டுக்கறேன். எங்கயாவது போட்டுக்கறேன்."

"அந்த டாக்டர் நல்லவங்க. சிஃபிலிஸ், எச்.ஐ.வி., எல்லாம் ஒரே தடவையில..."

"டெஸ்ட்டெல்லாம் வேண்டாங்கறேனே!" என்று கத்தினான். அவன் கத்தி அவள் கேட்டதில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனான். கதவு சாத்தப்பட்ட சத்தத்தில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நாய் குரைத்தது.

மறுநாள் காய்ச்சல் விட்டிருந்தது. அலுவலகம் போனாள். கோப்பு ஒன்றில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஸ்ரீதரின் கோபம் நியாயம் என்று தெரிந்திருந்தது. ஆனால் அந்தக் கத்தல் மட்டும் காதில் நின்றது. ஊசிக்குச் சம்மதித்தவன் டெஸ்ட்டுக்கு ஏன் அப்படிப் பதறினான்? உறைக்கு இத்தனை நாள் அவன் காட்டிய கறாரும், ஞாயிற்றுக்கிழமை எழுந்து சட்டையைத் தேடியதும், பிறகு அவள் இழுத்தபோது ஒருகணம் கண்களை மூடிக்கொண்டதும் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. டைப் செய்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. 

போன் செய்தாள். எடுக்கவில்லை. அவன் ஆபீசுக்குச் செய்தாள், இன்றைக்கு வரவில்லை என்றார்கள். அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துக் கரோல் பாக் போனாள். "ஜல்தி பையா, ஜல்தி" என்று அவள் சொல்லச் சொல்ல ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "ஆஸ்பத்திரிக்கா மேடம்?" என்றார். 

ஸ்ரீதர் லுங்கியோடு கதவைத் திறந்தான். தூங்காத முகம். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். டெஸ்ட்னா ஏன் பயப்படறீங்க?"

அவன் கட்டிலில் உட்கார்ந்தான். தரையையே பார்த்தான்.

"ஸ்ரீதர். உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவன் ஆமென்று தலையசைத்தான்.

ஜலஜாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. அவன் பேசுவது எங்கோ தூரத்திலிருந்து கேட்பதுபோல இருந்தது. தனக்கு எச்.ஐ.வி. இருப்பது சென்னையில் இருக்கும்போதே தெரிந்துவிட்டதாம். அங்கே ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டானாம், கிருமியே தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று சொன்னார்களாம். தில்லிக்கு மாற்றலாகி வந்து, இங்கே மாத்திரை வாங்கும் இடத்துக்கு முதல் நாள் போனபோது, அவன் ஆபீசில் வேலை பார்க்கும் ஒருத்தர் வராந்தாவில் நிற்பதைப் பார்த்திருக்கிறான். திரும்பி வந்துவிட்டான். அதற்குப் பிறகு போகவே இல்லை. கையிலிருந்த மாத்திரை போன கோடைக்கு முன்பே தீர்ந்துபோயிற்று.

"அந்த ஆளு எதுக்கு வந்திருந்தானோ, எனக்கென்ன தெரியும்? பாத்துட்டான்னா ஆபீஸ் பூராத் தெரிஞ்சிரும். ஊருக்குத் தெரியும். அம்மா இன்னும் பொண்ணு பாத்துக்கிட்டிருக்கா, ஜலஜா. ஒடம்பு நல்லாத்தானே இருக்கு, அப்பறம் போலாம், அப்பறம் போலாம்னு..."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"நீ சொன்னியா?"

அவள் கையில் கிடைத்த தலையணையை அவன்மேல் வீசினாள். பிறகு அழுதாள், குரல் வெளியே போய்விடக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டு. அவன் அருகில் வந்தான். "தொடாதீங்க" என்றாள். சொல்லிவிட்டு, அந்த வார்த்தை அந்த லாரி டிரைவர் வீட்டு வாசலில் எத்தனை பேர் சொன்ன வார்த்தை என்று தோன்றி, இன்னும் அதிகமாக அழுதாள்.

"ஏதோ மாத்திர இருக்கு," என்றான் ஸ்ரீதர் திடீரென்று. "இந்த மாதிரி ஆயிட்டா, உடனே போட்டுக்கிட்டா, வராமத் தடுக்கறது. சென்னையில சொல்லியிருக்காங்க. மூணு நாளைக்குள்ள ஆரம்பிக்கணும்."

ஜலஜா நிமிர்ந்தாள். ஞாயிறு. இன்று புதன். "இத நேத்தே ஏன் சொல்லல?"

"ஒம் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வரல. காலையிலேர்ந்து போன கையில வச்சுக்கிட்டுதான் உக்காந்திருக்கேன்."

"சட்டையப் போடுங்க. எந்திரிங்க. அங்க ஓ.பி. நாலு மணிக்கு மூடிருவாங்க."

கரோல் பாகிலிருந்து லட்சுமி நகருக்கு ஒரே வண்டி. ஆனால் அன்றைக்கு மெட்ரோ ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு யோசிப்பதுபோலிருந்தது. ராஜீவ் சவுக்கில் கூட்டம் அவர்களைப் பிரித்துவிட்டது. தோள்களுக்கு நடுவே ஸ்ரீதரின் முகம் தெரிந்தது, மறைந்தது. அவன் இறங்கி ஓடிவிடுவானோ என்று ஒரு பயம். ஓடட்டும் என்று ஒரு மனம். அவனைவிட்டால் தன்னோடு இந்த பயத்தைச் சுமக்க இந்த ஊரில் யாருமில்லை என்று இன்னொரு மனம். வண்டி யமுனைமேல் மெதுவாகப் போய், காரணமில்லாமல் நின்றது. கீழே தண்ணீர் கறுப்பாகக் கிடந்தது. 'அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்' என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு வந்தது. ஜலஜா மேல்கம்பியைப் பிடித்திருந்த கை வியர்த்து வழுக்கியது. கிருமி இந்த நிமிஷம் எங்கே போய்க்கொண்டிருக்கும்? ரத்தத்திலா? இன்னும் வாசலிலா?

வண்டி நகர்ந்தது. ஸ்டேஷனிலிருந்து ஓடினார்கள். பின்பக்கக் கட்டடத்தில் வாட்ச்மேன் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். "பந்த் ஹோ கயா. கல் ஆனா" என்றார். மூடியாயிற்று, நாளைக்கு வா என்கிறார். ஜலஜா கதவுக்கு நடுவே கையை வைத்துவிட்டாள். "டாக்டர்! டாக்டர் அக்னஸ்!" என்று தமிழில் கத்தினாள். தன் பெயரை யாரும் கேட்டுவிடக் கூடாதென்று நேற்று சால்வைக்குள் ஒளிந்தவள், இன்றைக்கு வராந்தாவில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்.

கைப்பையோடு வெளியே வந்த டாக்டர் இருவரையும் பார்த்தார். வாட்ச்மேனிடம் விடச்சொல்லிவிட்டு, திரும்ப அறையைத் திறந்தார்.

ஸ்ரீதர்தான் பேசினான். எல்லாவற்றையும் அவனே சொன்னான். டாக்டர் குறுக்கிடாமல் கேட்டார்.

"ஞாயித்துக்கிழம எந்நேரம்?"

"சாயங்காலம்," என்றாள் ஜலஜா.

டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "கொஞ்ச நேரம்தான் பாக்கி. மத்ததெல்லாம் பெறவு பேசலாம்." அலமாரியிலிருந்து ஒரு டப்பாவைத் திறந்து மாத்திரையை ஜலஜாவின் கையில் வைத்தார். "மொதல்ல முழுங்கு."

தண்ணீர் பாதி தொண்டையிலும் பாதி ஸ்வெட்டரிலுமாக அவள் விழுங்கினாள்.

"தினம் ஒண்ணு, நாலு வாரம். ஒருநா கூட விடக் கூடாது. கொமட்டும், விடாத. இப்ப மறுபடி ஒரு டெஸ்ட், மாத்திர முடிஞ்சு ஒண்ணு, மூணாவது மாசம் ஒண்ணு. நூத்துக்கு நூறு காப்பாத்தும்னு நான் சொல்லமாட்டேன். பெரும்பாலும் காப்பாத்தும். ஒடம்புல சிஃபிலிஸ் புண்ணு இருந்ததால கொஞ்சம் கவலதான், ஆனா நேரத்துக்கு வந்துட்ட."

பிறகு ஸ்ரீதர் பக்கம் திரும்பினார். "தம்பி, மாத்திரய விடாம சாப்பிட்டுக் கிருமி அடங்கி இருந்திருந்தா, இவளுக்கு ஒங்களால ஒண்ணும் வந்திருக்காது. அது தெரியும்தானே?"

"தெரியும் டாக்டர்."

"தெரிஞ்சும் விட்டுட்டீங்க. அங்க நின்ன மனுசன் எதுக்கு நின்னாருன்னு நெனைக்கீங்க? அவரும் மாத்திரைக்குத்தான் நின்னிருப்பாரு. ஒங்களப் பாத்து அவரும் ஓடியிருப்பாரு." சொல்லிவிட்டு அவனுக்கு சிஃபிலிஸ் ஊசிக்குச் சீட்டு எழுதினார். மறுநாள் காலையிலேயே எச்.ஐ.வி. சிகிச்சையைத் திரும்பத் தொடங்க, மாத்திரை கொடுக்கும் அரசு மையத்தின் டாக்டரிடம் அவரே போனில் பேசினார்.

அந்த நாலு வாரத்தில் ஜலஜா ஏழு கிலோ இளைத்தவள் மாதிரி ஆனாள். காலையில் மாத்திரை போட்டால் மதியம்வரை குமட்டல். அலுவலகத்தில் அகல்யா என்ற ஜூனியர், "மேடம், ஏதாவது நல்ல விசேஷமா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். லேசாகத் தொண்டை கரகரத்தால் அதுதான் என்று தோன்றும். இருமினால், ஒரு கொப்புளம் வந்தால், அதுதான். குளிக்கும்போது உடம்பை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பாள். உள்ளங்கைப் புள்ளிகள் மங்கி மறைந்துவிட்டன. அதில் அவளுக்கு நிம்மதி வரவில்லை. வெளியே தெரிந்தது போய்விட்டது, உள்ளே இருப்பது தெரியவில்லை, அவ்வளவுதான். அம்மா ஊரிலிருந்து பேசும்போது, "ஏன்டி கொரலு ஒரு மாதிரி இருக்கு?" என்பாள். "குளிரும்மா" என்பாள்.

நிகிலைக் கூப்பிட்டு நன்றி சொன்னாள். "நீ போன் பண்ணலைன்னா எனக்கு எதுவுமே தெரிஞ்சிருக்காது" என்றாள். அவன் சொன்ன ஆறு பேரில் இரண்டு பேர் அவன் நம்பரை பிளாக் செய்துவிட்டார்களாம். இனி சந்திக்கலாமா என்று அவன் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஸ்ரீதர் தினமும் காலையில் ஒரு மெசேஜ் அனுப்பினான். 'போட்டுட்டேன்.' அவ்வளவுதான். அவள் சில நாள் பதில் போட்டாள், பல நாள் போடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே வந்து நின்று கூப்பிட்டான். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மெலிந்திருந்தான். "மேல வராதீங்க, ஸ்ரீதர். கோபம்னு இல்ல. உங்களப் பாத்தா எனக்கு பயமா இருக்கு. என்னையும் பாத்தா எனக்கு பயமாத்தான் இருக்கு" என்று போனில் சொன்னாள். அவன் தலையாட்டிவிட்டு, கொண்டுவந்திருந்த ஆரஞ்சுப் பையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போனான்.

மாத்திரை முடிந்து எடுத்த டெஸ்ட் நெகட்டிவ். கடைசி டெஸ்ட் குளிர் விட்டு, ஸ்வெட்டர்கள் பெட்டிக்குள் போன பிறகு வந்தது. டாக்டர் அக்னஸ் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "இல்ல. நல்லா கேட்டுக்கோ, இல்ல. சிஃபிலிஸும் எறங்கிட்டு வருது."

ஜலஜா சந்தோஷப்படுவோம் என்று நினைத்திருந்தாள். ஆனால் ரிப்போர்ட்டை வாங்கி இன்னொரு தடவை படித்தாள். "நெசமாவா டாக்டர்? மாறி வர வாய்ப்பு...?"

"நெசமாத்தான். இனிமே யாரோடயும் பழகு, பழகாம இரு, அது ஒன் இஷ்டம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா இங்க வந்துரு. அதோட, எதிர்ல இருக்கறவங்ககிட்ட வாயத் தொறந்து கேளு. நீயும் சொல்லு."

வெளியே வந்து ஆஸ்பத்திரி மதில் ஓரம் நின்று ஸ்ரீதருக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தான். ஆனால் ஹலோ சொல்லவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவனும் இத்தனை மாதம் இந்தப் போனுக்காகவே பயந்து கிடந்திருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"இல்லைன்னுட்டாங்க," என்றாள்.

மறுமுனையில் அவன் உடைந்து அழுதான். ஆபீசில் இருந்தான் போலிருக்கிறது, பின்னால் யாரோ, என்ன ஆச்சு என்று இந்தியில் கேட்டார்கள். அவன் அழுகையை நிறுத்தவில்லை. போனை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பஸ்ஸும் ஈ-ரிக்‌ஷாவும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த அந்த ரோட்டோரத்தில், அவன் அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.